உருண்டை பிடிக்க வரவில்லையா? கேக் மிச்சத்தில் வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுக்கும் வீடுகளில் ஃபிரீசரைத் திறந்தால் ஐஸ்கிரீமுக்கு இடம் இருக்காது. மேடு வெட்டிய துண்டு, இதய வடிவத்துக்காகச் செதுக்கிய ஓரம், டின்னில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்த அடிப்பாகம் என்று டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். ஒரு கிலோ கேக்கை மட்டம் தட்டினால் என் தராசில் 80 முதல் 120 கிராம் வரை விழுகிறது. கார், பொம்மை என்று செதுக்குகிற கேக் என்றால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. வெண்ணெய் விற்கிற விலையில் இதைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்?

கேக் பாப் (குச்சியில் குத்திச் சாக்லேட்டில் முக்கிய கேக் உருண்டை), புட்டிங், ரஸ்க் என்று செய்முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றைப் பார்த்து அப்படியே செய்தும் சொதப்பும்போது என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. உங்கள் கையில் இருக்கும் கோளாறு எதுவோ நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை.

## எதற்கும் முன்னால்: பிடித்துப் பாருங்கள்

ஆரம்பத்தில் நான் அளவையே நம்பிக்கொண்டிருந்தேன். 250 கிராம் தூளுக்கு 60 கிராம் பட்டர் கிரீம் என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒரு வாரம் உருண்டை அம்சமாக வரும். அடுத்த வாரம் அதே அளவில் களியாகக் கிடக்கும். ஒரு நாள் நான் மூன்றாவது முறையாகத் தராசைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, “ஏம்மா, புட்டு மாவுக்குத் தண்ணி தெளிக்கிறப்போ தராசா வச்சுப் பார்க்கிறே? கையில பிடிச்சுப் பாரு” என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்தக் காகிதத்தை அன்றைக்கே கிழித்துவிட்டேன்.

உதிர்த்த கேக்கை ஒரு கைப்பிடி எடுங்கள். இறுக்கிப் பிடித்து, கையை விரியுங்கள்.

விரித்த உடனே மணலாகக் கொட்டினால் அது வறண்ட தூள். முட்டையை நுரைக்க அடித்துச் செய்த ஸ்பான்ஞ், இரண்டு நாள் ஃபிரிட்ஜில் திறந்து கிடந்த துண்டு எல்லாம் இப்படித்தான் இருக்கும். ரஸ்க்குக்கும், கேக், கஸ்டர்ட், பழம் என்று அடுக்கிச் செய்யும் டிரைஃபிளுக்கும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. உருண்டைக்கு என்றால் கிரீம் நிறையக் கேட்கும்.

பிடித்தால் நிற்கிறது, விரலால் தட்டினால் உதிர்கிறது என்றால் புட்டுப் பதம். வெண்ணெய் போட்ட வெனிலா கேக் பெரும்பாலும் இந்த ரகம். இதை எதற்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.

எதுவும் சேர்க்காமலே பிடிகொழுக்கட்டை மாதிரி நின்று, விரல் பதிந்த தடம் அப்படியே தெரிந்தால், ஈரமும் கொழுப்பும் ஏற்கெனவே போதும் என்று அர்த்தம். எண்ணெய் ஊற்றிச் செய்த சாக்லேட் கேக், பிரவுனி, சுகர் சிரப் தடவிய அடுக்கு எல்லாம் இப்படி. இதற்குப் போய்ச் செய்முறையில் சொன்ன கிரீமைக் கொட்டினால் களி ஆகாமல் வேறென்ன ஆகும்?

கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்ததால் வருகிறவைதான்.

## உருண்டை பிடித்தால் உதிர்கிறது, இல்லையென்றால் வெடிப்பு விடுகிறது

ஈரம் போதவில்லை. கிரீமைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடாதீர்கள். ஒரு டீஸ்பூன் சேருங்கள், ஒரு நிமிடம் பிசையுங்கள், மறுபடி பிடித்துப் பாருங்கள். காய்ந்த தூள் உடனே குடிக்காது. ரவையைப் போல அதற்கும் ஊற நேரம் வேண்டும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், பற்றாது என்று நினைத்த அதே மாவு பதமாக இருக்கும்.

எதைச் சேர்ப்பது என்பதும் முக்கியம். பால் சேர்த்தால் ஒட்டும், ஆனால் வெளியில் வைக்கிற உருண்டை சீக்கிரம் கெடும். பட்டர் கிரீம், கனாஷ் (சூடான கிரீமில் கரைத்த சாக்லேட்), மில்க்மெய்ட், ஜாம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நல்லது. பேக்கரி ஹனி கேக்கின் வாசம் வேண்டும் என்றால் மிக்ஸ்ட் ஃப்ரூட் ஜாமை லேசாகச் சூடாக்கி அதில் பிசைந்து, உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள். எங்கள் வீட்டில் சாக்லேட் உருண்டையைவிட இதுதான் முதலில் தீரும்.

ஈரம் சரியாக இருந்தும் நடுநடுவே நெறுநெறு என்று இடறுகிறதா? மேல் தோலையும் சேர்த்து அரைத்திருப்பீர்கள். செவந்த மேல்புறம் வெந்து இறுகியிருக்கும். உள்ளே இருக்கும் கேக்கைப் போல ஈரத்தை இழுக்காது. அதைத் தனியாகச் சீவி எடுத்து மிக்ஸியில் நைஸாகத் தூளாக்கி, அப்புறம் கலந்துகொள்ளலாம். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட விட வேண்டாம். மிக்ஸியின் குமிழை இடது பக்கம் திருப்பி, விட்டு விட்டு நாலு சுற்று போதும். ஈரமான கேக்கைத் தொடர்ந்து அரைத்தால் ஜார் அடியில் சூடேறி உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும். ஈரக் கேக்குக்குக் கையால் உதிர்ப்பதே மேல்.

## கையில் ஒட்டுகிறது, தட்டில் வைத்தால் சப்பையாகிறது

கிரீம் கூடிவிட்டது. அல்லது வெயில்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். திருச்சியில் ஏப்ரல் மாத மதியம் சமையலறை அதைத் தாண்டியே இருக்கும். காலையில் நன்றாக நின்ற உருண்டை இரண்டு மணிக்குத் தட்டையானால் உங்கள் அளவில் தப்பில்லை. மாவை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பிடித்துப் பாருங்கள். நின்றால் பிரச்சினை சூடுதான். காலை ஆறு மணிக்கு உருட்டுங்கள், இல்லையென்றால் பட்டர் கிரீமுக்குப் பதில் கனாஷுக்கு மாறுங்கள்.

குளிர்ந்த பிறகும் பிசுபிசுப்பு என்றால் கிரீம்தான் அதிகம். கைவசம் வேறு கேக் தூள் இருந்தால் அதையே சேருங்கள். இல்லையென்றால் மாரி பிஸ்கட் தூள் அல்லது பால் பவுடர். மைதாவை மட்டும் தூவிவிடாதீர்கள். வேகாத மாவு, நாக்கில் பச்சை வாசம் அடிக்கும், வயிற்றுக்கும் நல்லதில்லை. ரொம்பவே தளர்ந்துவிட்டது என்றால் உருண்டை எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு டிரேயில் பட்டர் பேப்பர் போட்டு அமுக்கிப் பரப்பி, மேலே சாக்லேட் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்துச் சதுரமாக வெட்டினால் அதற்கு ‘ஃபட்ஜ் பார்’ என்று பெயர் வைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

## குச்சியிலிருந்து உருண்டை கழன்று விழுகிறது

இரண்டு காரணம். உருண்டை கனம், அல்லது குச்சியை வெறுமனே குத்தியிருக்கிறீர்கள்.

கேக் பாப் உருண்டை 25 கிராம் தாண்டக் கூடாது. பெரிய நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவு உருகிய சாக்லேட்டில் முக்கி, உருண்டையின் பாதி ஆழம் வரை மட்டும் செருகிப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் விடுங்கள். அந்தச் சாக்லேட்தான் ஆணி. அது இறுகிய பிறகே முழு உருண்டையையும் முக்க வேண்டும். முக்கும்போது கரண்டியால் கலக்குவது போலச் சுழற்றாதீர்கள். நேராக இறக்கி, நேராகத் தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் குச்சியை மெல்லத் தட்டினால் மிச்சம் வழிந்துவிடும்.

## சாக்லேட் மேல்பூச்சு விரிசல் விடுகிறது

மாலையில் வழவழவென்று இருந்தது, காலையில் பார்த்தால் சுற்றிலும் ஒரு கோடு. சில சமயம் அந்தக் கோட்டு வழியாக எண்ணெய் முத்து முத்தாகக் கசியும்.

உருண்டை மிகவும் குளிர்ந்திருந்தது என்பதே இதற்குக் காரணம். ஃபிரீசரில் கல்லாக இறுகிய உருண்டையைச் சூடான சாக்லேட்டில் முக்கினால், மேல் ஓடு ஆறிச் சுருங்கும். உள்ளே இருப்பது குளிர் விட்டு விரியும். நடுவில் ஓடு என்ன செய்யும்? வெடிக்கும். உருண்டை தொட்டால் ஜில்லென்று, அமுக்கினால் லேசாக அமுங்குகிற மாதிரி இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து பத்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டு முக்குங்கள். ஏற்கெனவே வெடித்தவற்றை இன்னொரு முறை மெல்லிசாக முக்கி எடுக்கலாம். அதற்கும் நேரம் இல்லையென்றால் வேறு நிறச் சாக்லேட்டைக் கோடு கோடாக வீசிவிடுங்கள், வெடிப்பும் டிசைனாகிவிடும்.

வெடிக்கவில்லை, ஆனால் மேலெல்லாம் வேர்த்துப் பிசுபிசுக்கிறது என்றால் அது வேறு. ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்ததும் காற்றின் ஈரம் மேலே படிகிறது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை தினமும் உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்த பிறகும் அரை மணி நேரம் மூடியைத் திறக்காமல் விட்டால் வேர்வை டப்பாவின் மேல் படியும், சாக்லேட்டின் மேல் படியாது.

## உருக்கிய சாக்லேட் மண்ணாகத் திரிகிறது

டபுள் பாயிலிங் (வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்குவது) செய்யும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருக்கும். கரண்டியில் ஈரம் இருந்திருக்கும். அல்லது கேக்குக்குப் போடும் தண்ணீர் நிறத்தை வெள்ளைச் சாக்லேட்டில் சொட்டியிருப்பீர்கள். சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரைகிற நிறமே சேரும்.

துளித் தண்ணீர் சாக்லேட்டைக் கட்டியாக்கும், நிறைய ஊற்றினால் இளகிவிடும். இந்த முரணைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 100 கிராம் திரிந்த சாக்லேட்டுக்கு நாலு டேபிள்ஸ்பூன் சூடான கிரீமை ஊற்றி நிதானமாகக் கலக்குங்கள். கனாஷ் கிடைத்துவிடும். மேல்பூச்சுக்கு இனி ஆகாது. அடுத்த ஈடு தூளைப் பிசைய அருமையாக ஆகும்.

தண்ணீர் படவே இல்லை, வெறுமனே கெட்டியாக இருக்கிறது என்றால் சூடு அதிகமாகியிருக்கலாம். வெள்ளைக் காம்பவுண்ட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட்) இதில் ரொம்பச் செல்லம். மைக்ரோவேவில் முப்பது முப்பது விநாடியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கலக்கி, பாதிக் கட்டி கரைந்ததுமே நிறுத்துங்கள்; மிச்சம் தன் சூட்டிலேயே உருகும். லேசாக நீர்க்க வேண்டும் என்றால் 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். வாசமில்லாத ரீஃபைண்டு எண்ணெய் போதும். செக்கு எண்ணெய் ஊற்றினால் கேக் பாப்பில் அவியல் மணக்கும்.

## புட்டிங் தண்ணீர் விடுகிறது, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

எனக்குக் கேக் மிச்சத்தில் மிகவும் பிடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் பிரெட் புட்டிங் கணக்கை அப்படியே போடுகிறார்கள். பிரெட்டில் சர்க்கரை கொஞ்சம், கேக்கில் அது நிறைய. பிரெட் பாலை உறிஞ்சிக்கொண்டும் துண்டாக நிற்கும், கேக் கரைந்துவிடும். ஆகவே இரண்டு மாற்றம்: சர்க்கரை கிட்டத்தட்ட வேண்டாம், பால் குறைவு. 150 கிராம் கேக், 300 மில்லி பால், இரண்டு முட்டை. ஆறு அங்குல டின்னுக்கு இது சரியாக இருக்கும். அடியில் சர்க்கரை கருக்கி ஊற்றினால் அந்தக் கசப்பு கேக்கின் தித்திப்பைச் சமன் செய்யும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பாலைக் கை பொறுக்கும் சூட்டில் முட்டையோடு கலந்து, வடிகட்டி, கேக்கின் மேல் ஊற்றிக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். அப்புறம் இட்லிப் பானையில் ஆவி. கோளாறு முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது. தீயைத் தூக்கி வைத்தால் முட்டை அவசரமாக இறுகி, தண்ணீரைத் துப்பிவிடும். வெட்டினால் உள்ளே ஸ்பான்ஞ் மாதிரி துவாரம், தட்டில் மஞ்சள் தண்ணீர். பால் முட்டைக் கலவை 80 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும்; பானை கொதித்துக் குதிக்கத் தேவையே இல்லை. தண்ணீர் கொதித்ததும் தீயைச் சிம்மில் வைத்து, மூடியை நூலளவு தள்ளி வைத்து, 25 முதல் 30 நிமிடம். டின்னை ஆட்டிப் பார்த்தால் ஓரம் நின்று, நடு மட்டும் கெட்டித் தயிர் போல லேசாக ஆட வேண்டும். அப்போதே அணைத்துவிடுங்கள்.

மேற்புறம் மட்டும் குழிகுழியாக, சொதசொதவென்று இருந்தால் மூடியிலிருந்து ஆவி நீர் சொட்டியிருக்கிறது. இட்லி மூடிக்குத் துணி கட்டுகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையே இங்கேயும் செய்யுங்கள். இல்லையென்றால் டின்னின் வாயை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

கவிழ்க்கும்போது உடைந்துவிட்டதா? சூடாகக் கவிழ்த்திருப்பீர்கள். முழுக்க ஆறி, ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் இருந்த பிறகு ஓரத்தில் கத்தி ஓட்டிக் கவிழ்த்தால் முழுசாக வரும். ஒட்டிக்கொண்ட கருக்குப் பாகை டின்னிலேயே இரண்டு ஸ்பூன் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

முட்டை சேர்க்காதவர்களுக்குக் கடல்பாசி இருக்கிறது. 500 மில்லி பாலுக்கு 5 கிராம். முதலில் தண்ணீரில் முழுக்கக் கொதித்துக் கரைய வேண்டும். நாரோடு பாலில் கொட்டினால் அங்கங்கே ரப்பர் துண்டாகக் கிடக்கும்.

## டிரைஃபிள் கூழாகிவிட்டது, கசக்கிறது

கூழாவதற்குக் காரணம் புதுக் கேக். ஆங்கிலேயர்கள் டிரைஃபிளுக்குப் பழைய ஸ்பான்ஞைத் தேடிப் போடுவது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. காய்ந்த கேக்தான் கஸ்டர்டைக் குடித்துவிட்டும் தன் உருவத்தோடு நிற்கும். உங்களிடம் இருப்பது மெத்தென்ற துண்டு என்றால் 150 டிகிரியில் பத்து நிமிடம் வாட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டர்ட் கை பொறுக்கும் அளவுக்கு ஆறியிருக்கட்டும்.

கசப்பு வந்தால் அன்னாசியைச் சந்தேகப்படுங்கள். வேகவைக்காத அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. பாலும் கிரீமும் சேர்ந்து நேரமாக ஆகக் கசப்பு ஏறும். ஜெலட்டின் போட்டிருந்தால் உறையவும் உறையாது. சர்க்கரையோடு ஒரு கொதி விட்டு ஆறவைத்த அன்னாசியோ டின் அன்னாசியோ இந்த வேலையைச் செய்யாது, ஏனென்றால் சூட்டில் அந்த நொதி செத்துவிடுகிறது.

## ரஸ்க் மொறுமொறுப்பாக வரவில்லை

எண்ணெய், தேன், சிரப் அதிகமுள்ள கேக் ரஸ்க் ஆகாது. எவ்வளவு வாட்டினாலும் மேலே கருகி உள்ளே மெல்லும். அதை உருண்டைக்கு அனுப்பிவிடுங்கள்.

வெண்ணெய்க் கேக்கோ ஸ்பான்ஞோ என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் ரம்பக் கத்தியால் அறுத்து, 150 டிகிரியில் பதினைந்து நிமிடம், திருப்பிப் போட்டுப் பத்து நிமிடம். அடுப்பிலிருந்து எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். பதற வேண்டாம். ஆறும்போதுதான் இறுகும். ஓடிஜியை (மேசை மேல் வைக்கும் மின்சார அவன்) அணைத்துவிட்டு உள்ளேயே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. மறுநாள் நமத்துப்போனால் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடியிருப்பீர்கள். இன்னொரு முறை பத்து நிமிடம் வாட்டினால் திரும்பிவிடும். ஓரத்தில் கிரீம் ஒட்டியிருந்தால் வழித்துவிடுங்கள், அதுதான் முதலில் கருகும்.

## அல்வா நெய் கக்குகிறது, தித்திப்பு தாங்கவில்லை

பிரெட் அல்வாவைப் போல நெய்யில் வறுத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றினால் இப்படித்தான். கேக்கில் கொழுப்பும் சர்க்கரையும் உள்ளேயே இருக்கின்றன. 200 கிராம் தூளுக்கு 200 மில்லி பால், இரண்டு ஸ்பூன் நெய், ஒரு சிட்டிகை உப்பு, சர்க்கரை கிடையாது. ஏற்கெனவே தித்தித்துவிட்டால் பால் பவுடரும் வறுத்த முந்திரியும் சேர்த்துச் சமாளியுங்கள். நெய் பிரிந்து நின்றால் இரண்டு ஸ்பூன் சூடான பால் விட்டுக் கிளறினால் இழுத்துக்கொள்ளும்.

## எல்லா நிறமும் கலந்து சேற்று நிறமாகிவிட்டது

ரெட் வெல்வெட் ஓரம், பச்சைப் பிஸ்தா மேடு, யூனிகார்ன் கேக்கின் நீலத் துண்டு. எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தால் பிசைந்ததும் வரும் நிறத்தைச் சொல்லவே வேண்டாம். 250 கிராமுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கோகோ சேருங்கள். எல்லாம் சாக்லேட் ஆகிவிடும். கோகோ ஈரத்தை இழுக்கும் என்பதால் கிரீம் ஒரு ஸ்பூன் கூடும்.

இது நம் சமாளிப்பு மட்டும் இல்லை, ஊர் உலகமே செய்வதுதான். ரஷ்யாவில் ஸ்பான்ஞ் தூளைக் கிரீமில் பிசைந்து, நீள உருண்டையாக உருட்டிக் கோகோவில் புரட்டுகிறார்கள். அதற்கு ‘கர்தோஷ்கா’, அதாவது உருளைக்கிழங்கு, என்று பெயர். பார்த்தால் அசல் மண் ஒட்டிய உருளைக்கிழங்குதான். டென்மார்க் பேக்கரிகளில் மிஞ்சிய கேக்கெல்லாம் ரம் உருண்டையாகிறது. ஸ்வீடனில் கேக் தூளை நீளமாக உருட்டிப் பச்சை மார்சிபான் (பாதாமும் சர்க்கரையும் அரைத்த மாவு) சுற்றி, இரண்டு முனையையும் சாக்லேட்டில் முக்கி விற்கிறார்கள். பெயர் ‘டம்சூகரே’. வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்.

ஒன்று மட்டும்: ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) துண்டுகளைத் தூளோடு சேர்த்து அரைக்காதீர்கள். கரையாமல் சூயிங்கம் போல இழுக்கும்.

## நடுவில் வேகாத கேக், அடி கருகிய கேக்

நடு அமுங்கி மாவாக இருக்கும் கேக்கை அப்படியே உருண்டை பிடிக்கக் கூடாது. அதில் பச்சை முட்டையும் வேகாத மைதாவும் இருக்கின்றன. துண்டு போட்டு மறுபடி முழுக்க வேகவைத்த பிறகே எதையும் செய்யுங்கள். கருகலுக்கு மருந்து கிடையாது. சாக்லேட், காபி, ரம் எதை ஊற்றினாலும் கசப்பு கடைசியில் நாக்கில் வந்து உட்காரும். கருகியதைத் தாராளமாகவே வெட்டித் தள்ளிவிடுங்கள்.

## ஃபிரிட்ஜில் வைத்தும் கட்டையாகிவிட்டது

ஃபிரிட்ஜில் வைத்ததால்தான் ஆனது. கேக் காய்வது என்பது தண்ணீர் வற்றுவது மட்டும் இல்லை. வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது. அந்த இறுக்கம் ஃபிரிட்ஜ் குளிரில்தான் வேகமாக நடக்கும், ஃபிரீசரில் ஏறக்குறைய நின்றுவிடும். பழைய சோறு ஃபிரிட்ஜில் விறைத்து, சூடு செய்தால் இளகுகிறதே, அதே கதை. கட்டையான துண்டை மைக்ரோவேவில் பத்து பதினைந்து விநாடி வைத்து, சூட்டோடு உதிர்த்துப் பிசைந்தால் பாதி மென்மை திரும்பும்.

அதனால் இரண்டு நாளில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் வெட்டிய அன்றே ஃபிரீசருக்கு அனுப்புங்கள். ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து, தட்டையாக அமுக்கி வைத்தால் ஐஸ் பூ கட்டாது, இடமும் குறைவு. இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். மீன் வைக்கும் தட்டில் மட்டும் வேண்டாம். வெண்ணெய் எல்லா வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். வஞ்சிரம் வாசம் அடித்த வெனிலா உருண்டையை நான் ஒரு முறை செய்திருக்கிறேன். அதற்குக் கைவைத்தியம் இல்லை.

பையின் மேல் தேதியோடு இன்னொன்றும் எழுதுங்கள்: முட்டையா, எக்லெஸ்ஸா. தூளான பிறகு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எக்லெஸ் கேட்டவருக்குக் கலந்த உருண்டையைக் கொடுத்துவிட்டு அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை. முந்திரி, பாதாம், ரம் சேர்த்ததையும் எழுதிவிடுங்கள். இவற்றை விற்கிறீர்கள் என்றால் மிச்சக் கேக்கில் செய்தது என்று சொல்லியே விற்கலாம். என்னிடம் வாங்குகிறவர்கள் விலை குறைவு என்று இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

## டப்பாவைத் திறந்தால் ஒரு மாதிரி வாசம்

ஃபிரெஷ் கிரீம் ஒட்டிய துண்டு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் முகர்ந்து பார்க்கவே வேண்டாம், போட்டுவிடுங்கள். பூஞ்சை ஒரு மூலையில் தெரிந்தாலும் அந்தப் பை முழுவதும் போக வேண்டும். மூலையை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுப்பது ஆகாது. அதன் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

பூஞ்சை இல்லை, புளிப்பும் இல்லை, ஆனால் கனிந்து அழுகப்போகும் பழம் மாதிரி ஒரு தித்திப்பு வாசம், பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென்று நூல் விடுகிறது என்றால் அது ஒரு பாக்டீரியா வேலை. பிரெட்டில் அதிகம் வரும், மழைக்கால வெக்கையில் ஈரக் கேக்கிலும் வரலாம். அதன் வித்துகள் பேக்கிங் சூட்டையும் தாங்கும் என்பதால் மறுபடி வாட்டி ரஸ்க் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பையைக் கட்டிக் குப்பையில் போட்டு, கத்தி, பலகை, மிக்ஸி ஜார் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகர் தடவித் துடைத்துக் காயவைத்த பிறகு அடுத்த கேக்கை எடுங்கள்.